சட்டைப் பை எந்தப் பக்கம்

எர்லாங்கனிலிருந்து இருவரும் டுசல்டோர்ஃபிலிருந்து ஒருவருமாக நீங்கள் மூவர், பழைய விமானப் படங்களைச் சேர்க்கும் நம் இணையத் தளத்தின் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். ஸ்கானரை எப்படிப் பழக்குவது, வாலில் உள்ள எழுத்துகளை வைத்து ஒரு விமானத்தின் வரலாற்றை எங்கே தேடுவது என்றெல்லாம் கேட்டு எழுதியிருந்தீர்கள். அவை பச்சை அட்டைக் குறிப்பேட்டில் இருக்கின்றன. நான் விலகும்போது அது உங்களிடம் வரும். குறிப்பேட்டில் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். 2006 செப்ரெம்பரில் ஐந்து நாட்கள் நான் பயந்துகொண்டிருந்ததைப் பற்றியது அது.

முதலில் பயமில்லாத ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்லைட்டுகளின் அட்டைச் சட்டத்தில் ஒரு மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அது படம் எடுத்த மாதமல்ல, பிலிம் கழுவிய மாதம். ஆரம்பத்தில் எனக்கு இது தெரியாது. தபால் விமானம் ஒன்றின் படத்துக்கு அந்த மாதத்தையே போட்டுவிட்டேன். அந்த விமானத்தை அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள் என்று அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து ஒருவர் எழுதினார். பேய் பறந்ததா என்றும் கேட்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிலிம் அவ்வளவு காலமும் கமராவுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. இப்படியான பிழைகளை நீங்களும் விடுவீர்கள். இவற்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அவுஸ்திரேலிய விமானங்களை நான் ஏன் பிடித்துக்கொண்டேன் என்று உங்களில் ஒருவர் கேட்டார். யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர்கள் விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்த்தது ரசிப்பதற்காக அல்ல. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்துகொள்வதற்காக. எஞ்சின் ஒன்றா இரண்டா, எந்த உயரம், எந்தத் திசை என்பதெல்லாம் அப்படித்தான் எனக்குப் பழக்கமாயின. திகதிகளை எழுதிவைக்கும் பழக்கமும் அங்கேதான் தொடங்கியது. ஜெர்மனிக்கு வந்த பிறகு மெல்பனில் இருக்கும் தம்பி ஒரு பெட்டி ஸ்லைட் அனுப்பினான், சனிச் சந்தையில் வாங்கியதாம். தபால் மூட்டையும் டாக்டரும் ஆட்டுரோமம் கத்தரிப்பவர்களும் ஏறி இறங்கும் சின்னச் சின்ன விமானங்கள். புழுதி ஓடுபாதையில் பெண்கள் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தபடி நிற்கிறார்கள். ஒருவரும் ஓடவில்லை. அதற்குப் பிறகு நான் வேறு விமானங்களைத் தேடவில்லை.

ஹம் நகரில் கம்பித் தொழிற்சாலையில் எனக்கு அதிகாலைப் பணி. மதியம் இரண்டரைக்கு வீட்டில் இருப்பேன். மனைவி துணி திருத்தித் தைக்கும் கடையில் வேலை செய்தார், நான்கு மணிக்கு வருவார். இடையில் இருக்கும் ஒன்றரை மணி நேரம்தான் என்னுடைய ஆவணக்காப்பகம்.

அந்த செப்ரெம்பரில் டுசல்டோர்ஃபில் இருந்த வயதான ஜெர்மன் அம்மா ஒருவர் எனக்கு ஒரு பெட்டி இரவல் தந்தார். அவருடைய கணவர் இளவயதில் அவுஸ்திரேலியாவின் உட்பகுதியில் ரேடியோத் தொழில்நுட்பராக வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நேர்த்தியான மனிதர். எல்லா ஸ்லைட்டையும் அட்டைச் சட்டத்திலிருந்து எடுத்துக் கண்ணாடிச் சட்டத்தில் தானே மாட்டி, மேலே பென்சிலால் இடமும் கிழமையும் திகதியும் எழுதியிருந்தார். எழுத்து மேலே தெரியும்படி வைத்தால் படம் சரியாக வந்தது. பத்து ஸ்லைட்டில் சோதித்தேன், பத்தும் சரி. பிறகு சோதிக்கவில்லை. எழுத்து மேலே, அடுத்தது, எழுத்து மேலே, அடுத்தது என்று ஓட்டிக்கொண்டு போனேன். ஒரே நாளில் பெட்டியை முடித்துத் தபாலில் திருப்பி அனுப்பியும் விட்டேன்.

அவற்றில் ஒன்றில் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று நம்மை நோக்கி நிற்கிறது. அதன் மூக்கு படத்தின் இடது ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. நடுவில் மூடி திறந்த எஞ்சின். பக்கத்தில் ஏணியில் ஒரு மெக்கானிக், முகத்தைக் கமராப் பக்கம் திருப்பிக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறார். எழுத்தோ எண்ணோ எங்கும் தெரியவில்லை. ஆனால் பென்சில் குறிப்பில் இடமும் ஞாயிற்றுக்கிழமை என்பதும் திகதியும் இருந்தன.

அந்தத் திகதியை நான் அறிவேன். மறுநாள் திங்கட்கிழமை காலை கிளம்பியதும் இடது எஞ்சின் நின்றுபோக, அந்த விமானம் விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். விமானத்தின் பெயரையும் நாளையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

விசாரணை அறிக்கையை நான் இரண்டு முறை வாசித்திருந்தேன். முதல் நாள் வேலை செய்த மெக்கானிக், தான் திறந்தது வலது எஞ்சினை மட்டும்தான் என்றும் இடதில் கையே வைக்கவில்லை என்றும் சொல்லியிருந்தார். அதை மறுக்க யாரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. காரணம் தெரியவில்லை என்று முடித்துவிட்டார்கள். ஊர் மட்டும் அவரை நம்பவில்லை. அவர் விமானத் தொழிலை விட்டு, உழவு இயந்திரம் திருத்தப் போனார். இவ்வளவும் எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் படம் திரையில் வந்ததும் அறிக்கையை மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நம்மை நோக்கி நிற்கும் விமானத்தில் மூக்குக்கு வலப்புறம் தெரிவது அதன் இடது எஞ்சின்.

சனிக்கிழமை மாலை அதை நம் தளத்தில் ஏற்றினேன். ஆங்கிலத்தில் நான் எழுதிய விளக்கம் தமிழில் இவ்வளவுதான்: விபத்துக்கு முந்தைய ஞாயிறு. ஏணியில் மெக்கானிக். திறந்திருப்பது இடது எஞ்சின்.

யாரையும் குற்றம் சொல்லவில்லை, கண்ணில் தெரிவதை மட்டுமே எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. அந்த மூன்றாவது வாக்கியம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஐம்பது வருடம் யாராலும் கண்டுபிடிக்க முடியாததை ஹம்மில் இருக்கும் ஒரு கம்பித் தொழிலாளி கண்டுபிடித்தான் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

சொன்னார்கள். ஞாயிறு முழுவதும் பாராட்டு. திங்களன்று பாராட்டு நின்று, மெக்கானிக்கைப் பற்றிய பேச்சு தொடங்கியது. பொய்யன் என்றார்கள். ஒருவர் அவர் இருக்கும் ஊரின் பெயரைப் போட்டார். அதை நீக்கச் சொல்லி எழுதினேன், நீக்கினார்கள். அப்போதுதான் எனக்கு முதல் பயம் வந்தது. அந்த மனிதர் உயிரோடு இருக்கக்கூடும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. என்னிடம் இருந்தவர் ஏணியில் நிற்கும் இளைஞன்.

செவ்வாய் மதியம் வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால், அவருடைய மகளிடமிருந்து மின்னஞ்சல். கோபமாக ஒரு சொல் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அப்பாவுக்கு எண்பத்தொரு வயது. ஞாயிறு மாலை பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் படத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாராம். இத்தனை வருடமும் வலது எஞ்சின், வலது எஞ்சின் என்று சொன்னவர் அதைப் பார்த்த பிறகு, படம் இருக்கிறதே, அப்படியானால் நான்தான் மறந்துவிட்டேன், அந்த நான்கு பேரையும் நான்தான் கொன்றிருக்கிறேன் என்கிறாராம். அன்றிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. தேநீர் மட்டும் கொஞ்சம் குடிக்கிறார். கடைசி வரியில் மகள் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: நீங்கள் நிச்சயமாகச் சொல்கிறீர்களா?

அன்று நான் பதில் எழுதவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எண்பத்தொரு வயது மனிதர் சாப்பிடாமல் இருக்கிறார் என்று தெரிந்தும், ஒரு முழு நாள் நான் கணினியை மூடிவைத்தேன். மனைவி கேட்டதற்குத் தலையிடி என்றேன். நிச்சயம் என்று எழுதினால் அவரைக் கொல்வதாகிவிடும். நிச்சயமில்லை என்று எழுதினால் என் பெயர் போய்விடும். இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுத எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை தொழிற்சாலையில் இருந்து வந்ததும் எர்லாங்கனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்போது நம் தளத்தின் கணினி வேலைகளைப் பார்த்துக்கொண்டவர் திருச்சிக்காரரான ஒரு பொறியியலாளர். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், பதறிவிட்டார்.

"அண்ணா, எதுக்கு ரிஸ்க்? இப்பவே டெலீட் பண்ணிடறேன். ரெண்டே நிமிஷம். நாளைக்கு யாராவது கேட்டா சர்வர் பிராப்ளம்னு சொல்லிக்கலாம்."

ஓம், நீக்குங்கள் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் அந்தக் கிழவரை நினைத்தேன். படம் திடீரென்று மறைந்தால் அவர் என்ன நினைப்பார்? படம் உண்மை, தன்மேல் இரக்கப்பட்டு எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். நாங்கள் வாயை மூடிக்கொள்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வார். நீக்க வேண்டாம், மேலே ஒரு வரி போடுங்கள் என்றேன். எந்தப் பக்க எஞ்சின் என்பது சரிபார்க்கப்படவில்லை, எழுதியவர் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார் என்று, என் பெயருடன்.

"உங்க பேர் வேணுமா அண்ணா?" என்றார்.

"வேணும். போட்டது நான்தானே."

பிறகு மகளுக்கு எழுதினேன். எனக்கு நிச்சயமில்லை. நிச்சயம் போல எழுதிவிட்டேன். ஸ்லைட்டை மறுபடி கையில் எடுத்துப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. இதை இன்றே அப்பாவிடம் சொல்லுங்கள். பார்த்த பிறகு, என்னவாக இருந்தாலும், அன்றே எழுதுகிறேன். அந்த "என்னவாக இருந்தாலும்" என்பதை எழுதிவிட்டு நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் சரியாகவே இருந்துவிட்டால் அதையும் நான்தான் அந்த வீட்டுக்குச் சொல்ல வேண்டும்.

நான்கு மணிக்கு மனைவி வந்தார். தேநீர்க் கோப்பையோடு எனக்குப் பின்னால் வந்து நின்றார். வழமையாக அவர் என் படங்களைப் பார்ப்பதில்லை. "உந்தக் கோதாரிப் பிளேனுகள்" என்பதோடு சரி. அன்று நின்று பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இந்தாளுக்கு ஏன் சட்டைப் பை வலப் பக்கம் கிடக்கு?"

நான் எஞ்சினையே ஐந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டையைப் பார்க்கவில்லை.

"பொத்தானைப் பாருங்கோ. பொம்பிளையளின்ர சட்டை மாதிரி மற்றப் பக்கம் பூட்டியிருக்கு. ஆம்பிளையளின்ர சட்டை இப்பிடி வராது."

வீட்டில் தைத்ததாக இருக்கலாம் என்றேன். எனக்குச் சாதகமான சாட்சியை நானே குறுக்கு விசாரணை செய்தேன், பயத்தில்.

"பையையும் பொத்தானையும் ரெண்டையும் பிழைச்சுத் தைக்கிறவளெண்டா, அவளிட்ட ஒருத்தரும் துணி குடுக்க மாட்டினம்" என்று சொல்லிவிட்டு அவர் குசினிக்குப் போனார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. நேர்த்தியான அந்த மனிதர் ஒரே ஒரு ஸ்லைட்டை மட்டும் சட்டத்தில் மறுபக்கமாக மாட்டியிருந்தால், எழுத்து மேலே என்ற என் விதி அந்த ஒன்றில் பொய்த்துப்போயிருக்கும். மற்ற எந்தப் படமாக இருந்தாலும் எழுத்துகள் கண்ணாடியில் போல இடம் வலம் மாறித் தெரிந்து காட்டிக் கொடுத்திருக்கும். இதில் எழுத்தே இல்லை. ஆனால் சட்டையை மட்டும் வைத்து நான் இன்னொரு முறை நிச்சயம் என்று எழுதத் தயாராக இல்லை. ஸ்லைட் வேண்டும்.

டுசல்டோர்ஃப் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பெட்டி திரும்பி வந்தது என்றார், மகனிடம் கொடுத்தாராம். மகன் அந்த வாரம் நிலவறையைக் காலி செய்துகொண்டிருந்தான். ஸ்பெர்முல் என்னும் பெருங்குப்பையை எடுக்க மாநகராட்சி குறித்துக் கொடுத்த நேரம் வியாழன் அதிகாலை. வேண்டாத பெரிய சாமான்களை முதல் நாளே வீதியோரம் வைத்துவிடுவார்கள், உங்களுக்குத் தெரியும். பெட்டி வீட்டுக்குள் இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. மகன் தொலைபேசியை எடுக்கவில்லை. முழங்கால் வலியால் அந்த அம்மாவுக்குப் படியிறங்க ஏலாது.

அடுத்த ரயிலில் ஏறினேன். டோர்ட்முண்டில் இருபது நிமிடம் காரணம் சொல்லாமல் நிறுத்திவைத்தார்கள். என் எதிரில் இருந்த பெண் என்னைப் பார்த்து, உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று ஜெர்மனில் கேட்டார். இல்லை என்றேன். அந்தப் பழைய ஓட்டம் மறுபடி என் காலில் இருந்தது. சத்தம் கேட்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும்: இந்த முறை கீழே இருந்தது வேறொருவர். மேலேயிருந்து போட்டது நான்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தேன். தூறல். வீட்டுக்கு முன்னால் மெத்தையும் அலுமாரிப் பலகைகளும் சுருட்டிய கம்பளமும் குவிந்து கிடந்தன. இரண்டு பேர் கிளறிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கையில் ஸ்லைட் காட்டும் புரொஜெக்டர் இருந்தது. ஓடிப்போய், அதோடு ஒரு பெட்டி இருந்ததா என்று கேட்டேன். அவர் கம்பளத்தைக் காலால் சுட்டிக்காட்டினார். மற்றவர்களின் படங்கள் அவருக்கு எதற்கு?

பெட்டியின் மூடி நனைந்திருந்தது. உள்ளே காய்ந்திருந்தது. அந்த அம்மாவின் சமையலறை மேசையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அறுபத்து மூன்றாவது அதுதான். கண்ணாடிச் சட்டத்தைத் திறக்க அவர் பழம் வெட்டும் கத்தியைத் தந்தார். இந்தக் கையால் திறந்தால் உடைத்துவிடுவேன் என்று சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார், கத்தியை வாங்கித் தானே திறந்தார்.

பிலிமின் ஓரத்தில், சட்டத்துக்குள் மறைந்திருக்கும் இடத்தில், சிறிய எழுத்தும் எண்ணும் உண்டு. பிலிம் செய்தவர்கள் போட்டவை. அவற்றை யாரும் மாற்ற முடியாது. பென்சில் குறிப்பு இருந்த பக்கத்திலிருந்து பார்த்தேன். எண்கள் மறுபக்கமாகத் தெரிந்தன. பிலிமைத் திருப்பினேன். எண்கள் நேராக வாசிக்க வந்தன. மூக்கு வலது ஓரத்துக்குப் போனது. எஞ்சின் அதன் மற்றப் பக்கம் வந்தது. வலது எஞ்சின். சட்டைப் பை அவருடைய இடது மார்பில் இருந்தது.

அழுதேனா என்று நினைவில்லை. அந்த அம்மா எனக்கு முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார். அவருடைய கணவர் ஒரு பிழையும் விட மாட்டார் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். அந்தக் கணவர் விட்டது ஒரு சட்டத்தில் ஒரு பிழை, அதை உலகத்துக்குக் காட்டியவன் நான்.

சொன்னபடி அன்றே மகளுக்கு எழுதினேன். சட்டைப் பை காட்டிக் கொடுத்ததையும் சொன்னேன், பிலிம் ஓரத்தின் படத்தையும் சேர்த்தேன். தளத்தில் சரியான படத்தை ஏற்றி, பழையதையும் அதன் பக்கத்திலேயே விட்டு, இது ஐந்து நாள் மறுபக்கமாகக் காட்டப்பட்டது, பிழை என்னுடையது என்று எழுதச் சொன்னேன். எர்லாங்கன் நண்பர் மறுபேச்சில்லாமல் செய்தார். சிலர் நம்பினார்கள். சிலர், குடும்பம் மிரட்டியதால் படத்தைத் திருப்பிவிட்டான் என்று எழுதினார்கள். ஞாயிறன்று என்னைப் பாராட்டிய அதே ஆட்கள்.

வியாழனும் வெள்ளியும் பதில் இல்லை. தொழிற்சாலையில் கம்பிச் சுருளை இரண்டு முறை பிழையாக மாட்டினேன். தாமதித்த அந்தச் செவ்வாய்க்கிழமையையே நினைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பதில் வந்தது. மூன்று வரி. அப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சூப் கேட்டார். சட்டையைக் கவனித்தது யார் என்று கேட்கச் சொன்னார்.

மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "ஹம்மில துணிக்கு விளிம்படிக்கிற ஒரு மனுசி எண்டு எழுதுங்கோ" என்றார். எழுதினேன்.

இது இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் 2008 வசந்தத்தில் காலமானார், தூக்கத்தில். மகள் அறிவித்தார். அவரைப் பற்றி எங்காவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். யாரோ நடத்தும் ஒரு தளத்தில் அஞ்சலிக் குறிப்பு இருந்தது. மேலே அதே ஏணிப் படம். மூக்கு இடது ஓரத்தில். கீழே எழுத்துக்கு எழுத்து என் விளக்கம்: திறந்திருப்பது இடது எஞ்சின். அந்த ஐந்து நாளில் யாரோ எடுத்து வைத்துக்கொண்டது.

பெயரையும் நாளையும் நான் இங்கே எழுதாததற்குக் காரணம் அதுதான். எழுதினால் நீங்கள் தேடுவீர்கள், தேடினால் முதலில் வருவது இன்னமும் பிழையான படம்தான். பச்சைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பத்தொன்பது இணைய முகவரிகள் இருக்கின்றன. பதினான்கு பேர் திருத்திவிட்டார்கள், திருத்திய திகதி பக்கத்தில் இருக்கிறது. ஐந்து பேர் பதில் எழுதவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறன்று நான் அவர்களுக்கு மறுபடி எழுதுவேன், பிறகு புதிதாக எங்காவது முளைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். கண்ணில் சத்திரசிகிச்சை என்பதால் அடுத்த மாதத்திலிருந்து எனக்கு ஏலாது.

உங்களில் யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொள்ளுங்கள். யார் என்று முடிவு செய்து எனக்கு எழுதுங்கள். தந்தை போய்விட்டார், இனி எதற்கு என்று நினைக்க வேண்டாம். மகளும் தன் அப்பாவின் பெயரை அவ்வப்போது தேடிப் பார்க்கிறவர்.